உதறிக் காட்டிவிட்டுப் போ

நான் வேலை பார்த்த சத்திரத்தை இப்போது லாட்ஜாக மாற்றிவிட்டார்கள். கதவுக்குக் கதவு பூட்டு, சாவியில் தொங்குகிற பித்தளை வில்லை, வாசலில் மின்விசிறிக்குக் கீழே மானேஜர். பெண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வந்திருக்கும் ராஜேஸ்வரி போன வாரம் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள்.

"வர்றவங்ககிட்ட மொதல்ல எந்த ஊருன்னு கேக்கணுமாம்மா. சில ஊர்ப் பேரைச் சொன்னா ரூம் காலி இல்லைன்னு அனுப்பிரணுமாம். மானேஜர் சொல்றாரு. உங்க காலத்துல நீங்க யாரைச் சந்தேகப்படுவீங்க?" என்று கேட்டாள்.

"எல்லாரையும்" என்றேன்.

சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதை விளக்கிச் சொல்லத்தான் இதை எழுதச் சொன்னேன். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். எழுதினால் என் எழுத்தை நானே திரும்பப் படிக்க முடியாது. ஆகையால் நான் சொல்லச் சொல்ல ராஜேஸ்வரி எழுதுகிறாள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். நான் சொல்லாததைச் சேர்த்துவிடுவாளோ என்று அவள்மேலும் எனக்குச் சந்தேகம்தான்.

என் பெயர் சொர்ணம். புருஷன் செத்த பிறகு, இளவயதிலேயே மதுரை ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சத்திரத்தில் பெண்கள் தங்குகிற பகுதியான பெண்கள் கட்டுக்குக் காவலாகச் சேர்ந்தேன். வேலை கற்றுக்கொள்ள ஒரு சித்திரைத் திருவிழா போதுமாக இருந்தது. அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டத்தில் எங்கள் கட்டுக்குள் படுக்க இடமில்லாமல் பெண்கள் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். அந்தக் கூட்டத்தைச் சமாளித்தவளுக்கு அப்புறம் எதுவும் கஷ்டமில்லை.

வருகிறவர்களின் முகத்தை நான் பார்ப்பதில்லை. முகத்தை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். காலைப் பார்ப்பேன். ராமேஸ்வரத்திலிருந்து வருகிறேன் என்பவளின் சேலைக்கரையில் மணல் இருக்க வேண்டும். பழனியிலிருந்து வருகிறேன் என்றால் கூட வந்த ஒரு தலையிலாவது சந்தனம் இருக்க வேண்டும். அழகர்மலைக்குப் போய்விட்டு வந்தேன், குரங்கு தொந்தரவே இல்லை என்று ஒருத்தி சொன்னால், அவள் அழகர்மலைக்குப் போகவே இல்லை. அப்படிச் சொன்னவளுக்கும் பாய் கொடுப்பேன். எனக்குக் கண்ணெதிரே இருக்கிற இடத்தில் கொடுப்பேன், அவ்வளவுதான்.

பகலில் அம்மன் கோயில், திருப்பரங்குன்றம், நாயக்கர் மஹால் என்று சுற்றப் போவார்கள். மஹாலுக்குப் போகிறவர்களிடம் மட்டும் தவறாமல் ஒன்று சொல்லி அனுப்புவேன்: "தூணை நிமிந்து பாக்கையில இடுப்புச் சுருக்குப் பையில ஒரு கைய வெச்சுக்கங்க." அம்புட்டுப் பெரிய தூணை வாயைப் பிளந்து பார்க்கிறவர்களுக்காகவே அங்கே சில பேர் காத்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் கட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யார் கிளம்பினாலும் வாசல்படிக்கு உள்ளே நின்று, தன் பாயைத் தானே உதற வேண்டும். மூட்டைத் துணியை அவிழ்த்து உதறிக் கட்ட வேண்டும். முந்தியையும் ஒரு உதறு உதற வேண்டும். நான் யார் மூட்டைமேலும் கை வைப்பதில்லை. கை வைத்தால் நாளைக்கு நானே எடுத்தேன் என்பார்கள். ஜமீன் வீட்டு அம்மாளாக இருந்தாலும் உதறித்தான் ஆக வேண்டும். சில பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். "உதறிக் காட்டிட்டுப் போங்க தாயே, நாளைக்கு உங்க பேரு கெடாது" என்பேன். அந்தப் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

எங்களுக்கு மேலே, சத்திரத்தை நிர்வாகம் பண்ணுகிற மணியக்காரர். நல்ல மனுஷர். ஆனால் பெண்கள் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார். பெண்கள் கட்டு வாசலில் ஒரு கல்தூண் உண்டு. அந்தத் தூணைப் பார்த்துத்தான் எங்களுக்கு உத்தரவு போடுவார். "கிணத்தடி பாசி புடிச்சிருக்கு" என்று தூணிடம் சொல்வார். நான் போய்த் தேய்க்க வேண்டும். "இன்னிக்கித் தூணு என்ன சொல்லிச்சு?" என்றுதான் நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கொள்வோம். அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

நான் சொல்ல வந்த சங்கதி பர்மாவில் குண்டு விழுந்த சமயத்தில் நடந்தது. அங்கே பிழைக்கப் போனவர்கள் காட்டு வழியாக நடந்து வருகிறார்கள், பாதி வழியில் சாகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. தகவல் வராத குடும்பங்கள் கோயில் கோயிலாக ஏறி இறங்கின. எங்கள் கட்டிலும் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம்.

சோழவந்தானிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். மாமியார் பெயர் மீனாட்சி, நல்ல வாய். மருமகள் கமலம், வாயே கிடையாது. மீனாட்சியின் மகன் ரங்கூனில் ஒரு கடையில் இருந்தான். கடுதாசி நின்று வெகு நாளாகியிருந்தது. கமலத்தின் கழுத்தில் சிவப்புக் கல் அட்டிகை ஒன்று கிடந்தது. "என் மக கல்யாணத்துக்கு வெச்சிருக்கிறது. கோயிலுக்கு வர்றோமேன்னு இவ கழுத்துல போட்டுக் கூட்டியாந்தேன்" என்று மீனாட்சி வந்த உடனே எல்லார் காதிலும் விழச் சொன்னாள். அப்படிச் சொல்லக் கூடாது. அதையும் அவளிடம் சொன்னேன். கேட்கவில்லை.

அதே நாளில் ஒரு காசி அம்மாளும் வந்து தங்கியிருந்தார். காசிக்குப் போய் கங்கை எடுத்துக்கொண்டு, ராமேஸ்வரத்தில் சுவாமிக்கு அபிஷேகம் செய்யப் போகிறவர். கங்கைத் தண்ணீரைச் செம்பில் அடைத்து வாயை ஈயத்தால் பற்றவைத்திருப்பார்கள். ராமேஸ்வரம் போய்ச் சேரும்வரை அதைத் திறக்கவும் கூடாது, தரையில் வைக்கவும் கூடாது. அதற்காக எங்கள் உத்தரத்தில் ஒரு கொக்கியே போட்டிருந்தோம். உதறிக் காட்டுகிற வழக்கத்தில் எங்கள் கட்டில் விலக்கு இருந்தது அந்தச் செம்புக்கு மட்டும்தான். ஆகையால் நான் அதை அடிக்கடி சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன்.

"என்னத்தப் பாக்குற?" என்று காசி அம்மாள் கேட்டார்.

"ஈயம் விடாம இருக்கான்னு பாக்குறேன்."

"ஈயத்தப் பாக்குறியா, என்னையப் பாக்குறியா?"

"ரெண்டையுந்தான்" என்றேன். அவருக்கு என்னைப் பிடித்துப்போயிற்று.

இன்னொருத்தியையும் சொல்ல வேண்டும். ஒச்சம்மாள். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. எங்கள் கட்டுக்குத் தண்ணீர் இறைத்து ஊற்றுகிறவள். விடியும் முன்னே வந்து தொட்டியை நிரப்பிவிடுவாள். ஆற்றங்கரைக் குடிசையில் இருந்தாள், புருஷன் ஊரில். அந்தக் காலத்தில் அவர்கள் ஊர்ப்பக்கத்தில் கைரேகைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. களவு செய்தவன், செய்யாதவன் என்ற பேச்சே இல்லை. அவர்கள் சாதியில் பிறந்த ஆம்பிளை என்றால் ரேகை வைக்க வேண்டும். பொழுது சாய்ந்தால் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். அவள் புருஷனும் அப்படிப் படுக்கிறவன்தான். வெளியூர் போவதென்றால் சீட்டு வாங்க வேண்டும் என்பதால் அவன் பெண்டாட்டியைப் பார்க்கக்கூட மதுரைக்கு வந்ததில்லை.

மறுநாள் காலை, குளிக்கிற இடத்தில் கூச்சல் கேட்டது. போய்ப் பார்த்தால் மீனாட்சி தலைவிரி கோலமாக நிற்கிறாள். கமலத்தின் கழுத்தில் தாலி மட்டும் கிடந்தது.

"எங்கடி அட்டிகை?"

"இங்கதான் அத்தை... கழட்டிக் கல்லு மேல வெச்சேன். காணோம்."

மீனாட்சியின் கண் நேரே போய்த் தண்ணீர்த் தொட்டியில் நின்றது. குடத்தோடு ஒச்சம்மாள்.

"நீ எந்த ஊருடி?"

ஒச்சம்மாள் ஊரைச் சொன்னாள். மீனாட்சி வாயில் அடித்துக்கொண்டாள். "அப்பறம் என்ன! வெளியில தேட வேண்டியதே இல்ல. கூப்புடுங்க போலீசை."

நான் பெண்கள் கட்டு வாசலைச் சாத்தி, எல்லாரையும் உதறச் சொன்னேன். பாய், மூட்டை, முந்தி எல்லாம் உதறினார்கள். ஒச்சம்மாள் யாரும் சொல்லாமலே தலையிலிருந்த சும்மாட்டுத் துணியைப் பிரித்து உதறினாள். முந்தியை உதறினாள். குடத்தைக் கவிழ்த்தாள். ஒன்றுமில்லை.

"கிணத்துல போட்டிருப்பா. எல்லாரும் போன பெறகு எடுத்துக்குவா. எனக்கா தெரியாது?" என்றாள் மீனாட்சி.

மணியக்காரர் வந்தார். தூணைப் பார்த்தார். "சத்திரத்துப் பேரு கெடும். ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பித்தான் ஆகணும்" என்று தூணிடம் சொன்னார். குரல் இறங்கியிருந்தது.

ஒச்சம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, போலீசு வந்தா என்னைய அடிக்கட்டும், தாங்கிக்குவேன். நான் எந்த ஊரு, யாரு பொஞ்சாதின்னு எழுதுவாக. எழுதுனா அங்க அவரை எழுப்ப வேண்டியது கூட இல்ல, ஸ்டேஷன்லயேதான படுத்திருக்காரு. பொருளு கெடைக்கிற வரைக்கும் வெளிய விட மாட்டாக" என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை. நடக்கப் போவதைச் சொன்னாள்.

நான் மணியக்காரரைப் பார்த்து, "ஐயா, உச்சிகால மணி அடிக்கிற வரைக்கும் பொறுங்க. அதுக்குள்ள நான் கண்டுபுடிக்கலைன்னா ஆள் அனுப்புங்க" என்றேன்.

அவர் அன்றைக்குத் தூணை விட்டு என்னைப் பார்த்தார். என் வேலைக் காலம் முழுவதும் அந்த ஒரு தடவைதான். "சரி" என்றார்.

எனக்கு அப்போது யார் என்று தெரியாது. ஆனால் யார் யாரைச் சந்தேகப்பட வேண்டும் என்று தெரியும். ஒச்சம்மாளை என் மனதிலிருந்து நான் தள்ளவில்லை. கிணறு அவள் கையில் இருந்தது. கல்லுக்கு மிகப் பக்கத்தில் நின்றவளும் அவள்தான். காசி அம்மாளையும் தள்ளவில்லை. உதறாத பொருள் அவரிடம்தான் இருந்தது. ஆனால் உள்ளே ஒரு சின்ன விஷயம் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. கழுத்து நகையைத் தொலைத்த எத்தனையோ பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அழுகையிலும் பேச்சிலும் அவர்கள் கை கழுத்துக்குப் போய்ப் போய் வரும். இல்லை என்று தெரிந்தும் தடவிப் பார்க்கும். கமலம் அழுதாள், கை மட்டும் கழுத்துப் பக்கம் போகவில்லை. மற்றவர்கள் கல்லிடுக்கெல்லாம் தேடினார்கள். அவள் குனியவே இல்லை.

இதை வைத்து ஒரு பெண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. திருடுவதற்கு அவளுக்குக் காரணமும் இல்லை. ஆனால் ஒன்று தோன்றியது. திருடினாயா என்று கேட்டால் இந்த இடத்தில் எல்லாருமே இல்லை என்றுதான் சொல்வார்கள். கேள்வியை மாற்ற வேண்டும்.

காசி அம்மாளிடம் போனேன். "அம்மா, உங்க கங்கைச் செம்புல எல்லாரும் கை வெச்சுச் சத்தியம் பண்ணணும். எறக்கிக் கையில புடிச்சுக்கிறீங்களா?"

மீனாட்சி இடையில் விழுந்தாள். "அந்தத் தண்ணிக்காரி தொட்ட செம்பையா சாமிக்கு அபிஷேகம் பண்ணுவீக?"

காசி அம்மாள் கொக்கியிலிருந்து செம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "கங்கையில யார் யாரு எறங்கிக் குளிக்கிறாகன்னு பாத்துட்டுத்தான் வாரேன். தொடட்டும்" என்றார்.

நான் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்தேன். "எடுக்கலைன்னு சொல்லக் கூடாது. 'அட்டிகை இப்ப எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது'. இப்படித்தான் சொல்லணும். ஒரு வார்த்தை கூடாம, கொறையாம" என்றேன். நானே முதலில் கை வைத்துச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் ஒச்சம்மாள் என்னை இடித்துக்கொண்டு வந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, செம்பை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"அட்டிகை இப்ப எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியாது. பொய்யின்னா எங் கண்ணு ரெண்டும் அவிஞ்சு போகட்டும்."

"கண்ணை யாரும் கேக்கல. வார்த்தையைக் கூட்டாத" என்றேன்.

ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். காசி அம்மாளும் சொன்னார். மீனாட்சியின் முறை வந்தது.

"என் நகைக்கு நானே சத்தியம் பண்ணணுமா? நல்லா இருக்கே நாயம்!"

"பண்ணணும். தொலைச்சவுகளும் சேத்திதான்."

பல்லைக் கடித்துக்கொண்டு கை வைத்துச் சொன்னாள். மிச்சம் கமலம். அவள் கை செம்புவரைக்கும் போயிற்று. விரல் நுனி படவில்லை. அப்படியே நின்றது. பிறகு அந்தக் கை, காலையிலிருந்து போகாத இடத்துக்கு, கழுத்துக்குப் போயிற்று.

"எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

மீனாட்சி அவள் பக்கம் திரும்பினாள்.

"நேத்துச் சாயந்தரம் அம்மன் சன்னதி உண்டியல்ல போட்டுட்டேன் அத்தை. அவுக நல்லபடியா வந்து சேரணும்னு வேண்டிக்கிட்டேன். போட்டதுக்கப்பறம்தான் பயம் வந்துச்சு. முந்தியை இழுத்துப் போத்திக்கிட்டே வந்தேன். காலையில நீங்க கேட்டதும் வாயில பொய்யி வந்துருச்சு."

மீனாட்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மகனுக்காகப் போட்ட நகை, திட்டவும் முடியவில்லை. மகள் கல்யாணத்துக்கு வைத்த நகை. திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. கடைசியில், "ஏண்டி, ஒன் கையில கெடக்குற மோதிரத்தப் போட்டிருந்தா அம்மன் வேண்டாம்னா சொல்லப் போகுது?" என்றாள். பிறகு மணியக்காரரிடம், "போய்க் கேட்டா திருப்பிக் குடுப்பாகளா ஐயா?" என்று கேட்டாள்.

"அம்மன் மடியில விழுந்தது விழுந்ததுதான்" என்று மணியக்காரர் தூணிடம் சொன்னார்.

கமலம் எழுந்து ஒச்சம்மாளிடம் வந்தாள். "ஒங்க பேரை நான் சொல்லலக்கா" என்றாள்.

"இல்லைன்னும் நீ சொல்லலியே தாயி" என்றாள் ஒச்சம்மாள். "ஒன் புருசன் திரும்பி வரணும்னு அட்டிகையப் போட்ட. கூடவே எம் புருசனையும்ல அந்த உண்டியல்ல போடப் பாத்த?"

உச்சிகால மணி அடித்தது. ஒச்சம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். சாப்பாட்டுக்கு இலை போடுவதற்குள் தொட்டி நிறைய வேண்டும் அல்லவா?

மாமியாரும் மருமகளும் அன்றைக்கே கிளம்பினார்கள். வழக்கப்படி வாசல்படிக்குள் நின்று உதறிக் காட்டிவிட்டுத்தான் போனார்கள். கமலத்தின் மூட்டையை நான் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தேன். அவள் உண்டியலில்தான் போட்டாள் என்பதற்கு அவள் வாயைத் தவிர வேறு சாட்சி என்ன? உண்டியலுக்குள் நான் எட்டிப் பார்க்கவில்லை. அந்தச் சந்தேகம் இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை. அவள் புருஷன் திரும்பி வந்தானா என்பதும் எனக்குத் தெரியாது. வந்திருக்கட்டும்.

பொழுது சாய்கிற நேரம். ஒச்சம்மாள் வேலையை முடித்துவிட்டு வாசலுக்கு வந்தாள். என்னிடம் நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சும்மாட்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சொர்ணக்கா, ஒண்ணு கேக்கணும். காலையில நீங்க என்னையும் சந்தேகப்பட்டீகளா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. "ஆமா" என்றேன்.

"ஊருப் பேரைக் கேட்டதுமா?"

"ஊருக்காக இல்ல. கல்லுக்குப் பக்கத்துல நீ நின்ன. கிணறு ஒன் கையில இருந்துச்சு."

"வேற யாரை?"

"எல்லாரையுந்தான். காசி அம்மாளை, அந்த மருமகளை, மாமியாக்காரியை. ஏன், நீ செம்பைப் புடிக்க ஓடி வந்தியே, அதுக்கும் ஒருக்காச் சந்தேகப்பட்டேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.

"எங்கள எம்புட்டோ பேரு சந்தேகப்பட்டிருக்காகக்கா. எல்லாரோடயும் சேத்து வெச்சு யாரும் சந்தேகப்பட்டதில்ல. எங்களத் தனியா நிறுத்தி வெச்சுத்தான் படுவாக" என்றாள். துணியைப் பிரித்து உதறினாள். முந்தியை உதறினாள். படியைத் தாண்டப் போனவள் திரும்பி நின்றாள்.

"எல்லாரும் உங்க முன்னாடி உதறிக் காட்டுறோம். நீங்க யாரு முன்னாடி உதறுவீக?"

அதுவரைக்கும் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்குச் சுருக்கென்றது. அவள் கேலியாகக் கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எழுந்தேன். என் பாயை எடுத்து அவள் எதிரே உதறினேன். முந்தியை உதறினேன். இடுப்புச் சுருக்குப் பையைக் கவிழ்த்தேன். வெற்றிலைக் காம்பும் ஒரு துண்டுப் பாக்கும் விழுந்தன.

ஒச்சம்மாள் குனிந்து, வருகிறவர்களின் காலை நான் பார்ப்பதுபோல் என் காலைப் பார்த்தாள். என் வேலையை அவள் எப்போது கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை. "சரி, போங்க" என்றாள்.

நான் அந்தச் சத்திரத்தை விட்டு வருகிற நாள்வரைக்கும் சாயந்தரமானால் அவள் எனக்கு உதறிக் காட்டுவாள், நான் அவளுக்கு உதறிக் காட்டுவேன். அந்தக் கைரேகைச் சட்டத்தை எடுத்துவிட்ட பிறகு அவள் புருஷன் முதல்முதலாக மதுரைக்கு வந்தபோது, பெண்கள் கட்டு வாசலுக்கு வெளியே தள்ளி நின்றான். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தன் தோள் துண்டை எடுத்து அவனும் ஒரு உதறு உதறினான்.